கடைசியாக ஓடிவருபவருக்கும் ஒரு புள்ளி

வடமாகாணத்துப் பாடசாலைகளில் முதலாம் தவணை விளையாட்டுக்குரிய தவணை. தைப்பொங்கல் முடிந்த கையோடு மைதானத்துப் புல்லைச் செருக்கத் தொடங்கிவிடுவார்கள். அணிநடைப் பயிற்சிக்காக பாண்ட் வாத்தியக் குழுவின் பெரிய மேளம் பாடவேளைகளுக்கு நடுவிலேயே ஒலிக்கத் தொடங்கும். பாடசாலை விட்ட பின்னும் வாயிற்கதவு மூடப்படாது. மாசியிலும் பங்குனியிலும் பிற்பகல் நேரத்தில் யாழ்ப்பாணக் கிராமங்களூடாகச் சைக்கிளில் போகிறவர்கள் ஏதாவதொரு பாடசாலையின் ஒலிபெருக்கி அடுத்த நிகழ்ச்சிக்குப் பிள்ளைகளை அழைப்பதைக் கேட்டுக்கொண்டுதான் போவார்கள். இல்ல மெய்வல்லுநர் போட்டி என்று நாங்கள் சொல்வது இதைத்தான்.

இடைநிலைப் பாடசாலையில் விளையாட்டின் இடம் என்ன என்று கேட்டால், பலர் பதக்கங்களைச் சுட்டிக்காட்டுவார்கள். சிலர் உடல்நலத்தைப் பற்றிப் பேசுவார்கள். ஒழுக்கம், தலைமைத்துவம் என்று பரிசளிப்பு விழாப் பேச்சாளர்கள் சொல்வதும் உண்டு. அவை எவற்றையும் நான் மறுக்கவில்லை. ஆனால் கணித ஆசிரியனாகவும் ஓர் இல்லத்தின் பொறுப்பாசிரியனாகவும் நீண்ட காலம் இந்தப் போட்டிகளுக்குள் நின்று பார்த்த எனக்கு முதன்மையாகப் படுவது வேறொன்று. ஆண்டு முழுவதும் பிள்ளைகளைப் பரீட்சைப் புள்ளிகளால் வரிசைப்படுத்தும் பாடசாலை, அந்த வரிசையைச் சில வாரங்களுக்கு மறந்துவிடுகிற காலம் இதுதான். அந்தச் சில வாரங்களில் எத்தனை பிள்ளைகள் மைதானத்தில் இறங்கினார்கள் என்பதே ஒரு பாடசாலையின் விளையாட்டுக்கு உண்மையான அளவுகோல் என்றும், தேசிய மட்டத்தில் வென்ற பதக்கங்களைக்கூட அதற்குப் பின்னால்தான் எண்ண வேண்டும் என்றும் நான் நம்புகிறேன்.

இந்த முறையை அறியாதவர்களுக்காகச் சிறிது விளக்க வேண்டும். தரம் 6இல் சேரும் பிள்ளைக்கு முதல் வாரங்களிலேயே ஒரு வகுப்பும் ஓர் இல்லமும் கிடைக்கின்றன. வகுப்பு அந்தப் பிள்ளையை ஒத்த வயதுடைய முப்பது நாற்பது பேருடன் அமர்த்துகிறது. இல்லமோ பதினொரு வயதுப் பிள்ளையையும் உயர்தரம் எழுதப்போகும் பத்தொன்பது வயது மாணவரையும் ஒரே நிறத்தின் கீழ் நிறுத்துகிறது. இல்லங்கள் மூன்றாகவோ நான்காகவோ இருக்கும். பாடசாலையை நிறுவியவர்கள், பழைய அதிபர்கள், சில இடங்களில் வள்ளுவர், கம்பர், இளங்கோ போன்ற புலவர்கள் என்று அவற்றுக்குப் பெயரிட்டிருப்பார்கள். அண்ணன் படித்த பாடசாலை என்றால் பெரும்பாலும் அண்ணனின் இல்லமே தம்பிக்கும் கிடைக்கும். தகப்பனும் மகனும் ஒரே இல்லத்தவர்களாக இருக்கிற வீடுகள் எங்கள் ஊரில் பல உண்டு. விளையாட்டுப் போட்டியன்று பழைய மாணவர் ஓட்டத்துக்கு வந்து நிற்கும் அந்தத் தகப்பன்மார் எந்தக் கூடாரத்துக்குள் போய் அமர்கிறார்கள் என்பதைப் பார்த்தாலே அவர்களுடைய இல்லம் எதுவென்று தெரிந்துவிடும்.

இங்கே கவனிக்க வேண்டியது, இல்லத்துக்குள் யார் தலைவராக வருகிறார் என்பது. பாடசாலையின் மாணவத் தலைவர் பதவிக்குப் பரீட்சைப் பெறுபேறு பெரும்பாலும் வழிவிடுகிறது. இல்லத் தலைவர் பதவிக்கு அது அவ்வளவாக உதவுவதில்லை. என்னிடம் தரம் 10இல் கணிதம் படித்த ஒரு மாணவர் ஒருங்கமை சமன்பாடுகளை இரண்டு தவணைகளாகச் செய்தும் பிடிகொடுக்காமல் இருந்தவர்; தவணைப் பரீட்சையில் எப்போதும் கீழ்வரிசையில் நின்றவர். உயர்தரக் கலைப்பிரிவுக்கு வந்ததும் எங்கள் இல்லத்தின் தலைவரானார். போட்டிக்கு முந்திய நாட்களில் அவர் கையில் ஒரு சீ.ஆர். கொப்பி இருந்தது. பன்னிரண்டு வயதுக்குட்பட்டோரிலிருந்து இருபது வயதுக்குட்பட்டோர் வரை ஒவ்வொரு வயதுப் பிரிவுக்கும் ஒரு பக்கம். நிகழ்ச்சிகள் மேலே, பெயர்கள் பக்கவாட்டில். ஒருவர் இத்தனை தனி நிகழ்ச்சிகளுக்கு மேல் பங்குபற்றக் கூடாது என்பது விதி. அஞ்சல் ஓட்டம் அதில் சேராது. 200 மீற்றரில் வெல்லக்கூடிய ஒருவரை அதிலிருந்து எடுத்து முப்பாய்ச்சலில் விட்டால், அங்கே எதிர் இல்லத்துக்கு இரண்டாம் இடம் போவதைத் தடுக்கலாமா, அப்போது 200 மீற்றருக்கு யார், அவருடைய களைப்பு அஞ்சல் ஓட்டத்தைப் பாதிக்குமா என்று அவர் பென்சிலால் எழுதி, அழித்து, மீண்டும் எழுதிக்கொண்டிருந்தார். கரும்பலகையில் நான் கொடுத்திருந்தால் அவர் கையை வைக்க மறுத்திருக்கக்கூடிய கணக்கு அது. மைதானத்தில் அது அவருடைய கணக்காக இருந்தது, அதனால் செய்தார்.

அந்தக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் இன்னொரு பட்டியல் இருந்தது. எந்த நிகழ்ச்சிக்கும் பெயர் கொடுக்காத பிள்ளைகளின் பட்டியல். அதை எழுதும்படி நான் சொல்லவில்லை. அவர் தாமாகவே அதை வைத்திருந்தார். ஒவ்வொரு நாளும் இடைவேளையில் அந்தப் பட்டியலிலிருந்து சிலரைத் தேடிப் போய் ஏதாவதொன்றுக்குச் சம்மதிக்கவைத்தார். ஓட முடியாதவர் அணிநடைக்கு, அணிநடைக்குக் கூச்சப்படுகிறவர் இல்ல அலங்காரத்துக்கு. மூங்கில் நாட்டி, கிடுகு வேய்ந்து, சாக்கும் கடதாசி மட்டையும் ரெஜிபோமும் வெட்டி ஒட்டி, இரவிரவாகக் கோபுரமாகவோ கப்பலாகவோ பழைய கோட்டையாகவோ எழுப்பப்படும் அந்தக் கூடாரங்களில் ஒருபோதும் ஓடுபாதைக்கு வராத பிள்ளைகளின் கைவண்ணம்தான் கூடுதலாக இருக்கும். அதற்கும் புள்ளி உண்டு என்பது இந்த முறையின் பெருந்தன்மை.

ஓடுபாதையைப் பற்றிச் சொல்லாமல் இதைக் கடக்க எனக்கு மனம் வராது. எங்கள் பகுதியின் பெரும்பாலான மைதானங்களில் 400 மீற்றர் பாதை அடங்காது. ஒரு பக்கம் வகுப்பறைக் கட்டடம், மறுபக்கம் கோயில் வீதியோ தோட்டக்காணியோ இருக்கும். ஆகவே 200 மீற்றர் பாதைதான், சில இடங்களில் அதற்கும் குறைவு. நடுவில் ஒரு முளை அறைந்து, கயிற்றைக் கட்டி, சுண்ணாம்பு நீரை வாளியில் கரைத்துக்கொண்டு வளைவுகளைக் கீறும் வேலைக்கு நான் ஒவ்வோர் ஆண்டும் தரம் 9, 10 மாணவர் சிலரைச் சேர்த்துக்கொள்வேன். நேர்ப்பகுதிகள் இலகு. சிக்கல் தொடங்குவது தொடக்கக் கோடுகளில்தான். உட்பாதையில் ஓடுபவரைவிட வெளிப்பாதையில் ஓடுபவர் கூடுதலான தூரம் ஓட வேண்டியிருப்பதால், ஒவ்வொரு பாதைக்கும் தொடக்கக் கோட்டை முன்னே தள்ளிக் கீற வேண்டும். எவ்வளவு தள்ளுவது?

பாதையின் அகலம் 1.22 மீற்றர். ஒரு முழுச் சுற்றில் இரண்டு அரைவட்டங்கள் சேர்ந்து ஒரு முழுவட்டமாகின்றன. வெளிப்பாதையின் ஆரை உட்பாதையின் ஆரையைவிட 1.22 மீற்றர் கூட. எனவே பரிதிகளுக்கிடையிலான வித்தியாசம் 2 × π × 1.22, ஏறத்தாழ 7.67 மீற்றர். இந்தக் கணக்கில் உட்பாதையின் ஆரை எங்குமே வரவில்லை. துரையப்பா விளையாட்டரங்கின் பெரிய பாதையாக இருந்தாலும், கோயில் வீதியோரம் நெருக்கி அமைத்த எங்கள் சிறிய பாதையாக இருந்தாலும், ஒரு சுற்றுக்குப் பக்கத்துப் பாதைகளுக்கிடையே விடவேண்டிய தூரம் ஒன்றேதான். மைதானம் சிறியதென்றால் இந்த இடைவெளியும் சிறியதாகத்தானே இருக்க வேண்டும் என்று மாணவர்கள் ஒவ்வோர் ஆண்டும் வாதாடுவார்கள். நான் விடை சொல்வதில்லை. அளவுநாடாவை வளைவின் வழியே வைத்து அளந்து பார்க்கச் சொல்வேன். முழங்காலில் ஊர்ந்து, சுண்ணாம்புக் கையுடன் அளந்து, இரண்டாம் முறையும் அளந்து, பிறகு நிமிர்ந்து என்னைப் பார்க்கும் அந்த முகங்களை வகுப்பறையில் நான் கண்டதில்லை. வட்டத்தின் பரிதியை அவர்கள் அதன்பின் மறப்பதுமில்லை.

பாடத்திட்டத்தில் சுகாதாரமும் உடற்கல்வியும் என்று ஒரு பாடம் இருக்கிறது. கீழ் வகுப்புகளில் அனைவருக்கும், சாதாரண தரத்தில் விரும்பித் தெரிவோருக்கு. நல்ல பாடம் அது. ஆயினும் எழுத்துப் பரீட்சைக்காகக் கரப்பந்தாட்டத் திடலின் நீள அகலங்களை மனப்பாடம் செய்கிற பிள்ளைக்கும், அந்தத் திடலைத் தானே கயிறு பிடித்துக் கீறுகிற பிள்ளைக்கும் இடையிலுள்ள தூரத்தை நான் வெகு அருகிலிருந்து பார்த்திருக்கிறேன்.

இனி, இந்தக் கட்டுரையின் தலைப்புக்குக் காரணமான மரதன் ஓட்டம். விளையாட்டுப் போட்டிக்குச் சில வாரங்களுக்கு முன், ஒரு காலைப்பொழுதில், பாடசாலை வாயிலிலிருந்து தொடங்கி ஊரைச் சுற்றி மீண்டும் வாயிலில் முடியும் வீதியோட்டம் அது. ஆண்களுக்குச் சற்று நீளம் கூட. சந்திகளில் சாரணர்கள் நிற்பார்கள். மோட்டார்சைக்கிளில் முன்னும் பின்னும் ஆசிரியர்கள் போவார்கள். வழியிலுள்ள வீடுகளில் படலையைத் திறந்துவைத்து, வாளியில் தண்ணீரும் தட்டில் வெட்டிய தோடம்பழமுமாக ஆச்சிமார் நிற்பார்கள். ஓடுகிற பிள்ளை யாருடைய பேரப்பிள்ளை என்று அவர்கள் தமக்குள் அடையாளம் கண்டு சொல்லிக்கொள்வது காதில் விழும்.

எங்கள் பாடசாலையில் மரதனுக்கு இருவகையான புள்ளிகள் உண்டு. முதலில் வரும் பத்துப் பேருக்கு இறங்குவரிசையில் புள்ளிகள். அதற்கப்பால், குறித்த நேரத்துக்குள் ஓடிமுடிக்கும் ஒவ்வொருவருக்கும் இல்லத்துக்காக ஒரு புள்ளி. நேர எல்லையும் தாராளமானது. ஓடியும் நடந்துமாக வந்தாலே அதற்குள் வந்துவிடலாம். யார் இதை ஏற்படுத்தினார் என்பது பாடசாலையில் யாருக்கும் நினைவில்லை. ஆனால் எங்கள் விளையாட்டு விதிகளிலேயே மிகச் சிறந்த விதி இது என்று நான் எண்ணுகிறேன், ஏனெனில் முதல் பத்து இடங்களுக்கான புள்ளிகளைவிட இந்த ஒற்றைப் புள்ளிகளின் கூட்டுத்தொகையே பெரும்பாலும் எந்த இல்லம் மரதனை வென்றது என்பதைத் தீர்மானிக்கிறது.

ஓர் ஆண்டு தரம் 8இல் படித்த ஒரு பையன் என்னிடம் வந்தான். உடல் பருத்தவன். அதைச் சொல்லியே அவனைக் கூப்பிடுகிற வழக்கம் வகுப்பில் இருந்தது. "சேர், நான் ஓடேல்ல. நான் கடைசியாத்தான் வருவன்" என்றான். இல்லத் தலைவர் பக்கத்தில் நின்றார். "கடைசியா வந்தாலும் எங்களுக்கு ஒரு புள்ளி வரும் தம்பி. நீ வராட்டி அது இல்லை" என்றார். அதற்கு மேல் அவர் எதுவும் சொல்லவில்லை, உற்சாகப்படுத்தும் பேச்சொன்றும் நிகழ்த்தவில்லை. பையன் ஓடினான். முதல் கிலோமீற்றருக்குப் பிறகு நடந்தான். நடந்துகொண்டிருந்தவனுக்குப் பக்கத்தில், ஏற்கனவே ஓடிமுடித்திருந்த எங்கள் இல்லத்து உயர்தர மாணவர் இருவர் திரும்பி வந்து சேர்ந்து நடந்தார்கள். வாயிலுக்கு முன்னுள்ள கடைசி வளைவில் மூவரும் ஓடினார்கள். நேரக் காப்பாளர் மேசையில் இருந்த ஆசிரியர் அவனுடைய இலக்கத்தைப் பதிந்து, மணிக்கூட்டைப் பார்த்து, சரி போட்டார். அந்த ஆண்டு மரதனில் எங்கள் இல்லம் எத்தனையாவது என்பது எனக்கு நினைவில்லை. அவனை அதன்பின் வகுப்பில் அந்தப் பட்டப்பெயரால் கூப்பிடுவது குறைந்தது நினைவிருக்கிறது. முற்றாக நின்றது என்று சொல்லமாட்டேன், ஆனால் குறைந்தது.

நான் மாணவனாக இருந்த காலம் தொண்ணூறுகள். 1990 ஆனியில் போர் மீண்டும் மூண்டபோது வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்தார்கள். தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரி உட்பட அங்கிருந்த பாடசாலைகள் மைதானங்களை விட்டு, வேறு பாடசாலைகளின் கட்டடங்களில் மாலை நேரங்களில் இயங்கின. குடாநாட்டுக்கு மின்சாரம் இல்லை. பொருளாதாரத் தடையால் பெற்றோல் கிடைப்பதற்கரியது. அப்போதும் விளையாட்டுப் போட்டிகள் நடந்தன. ஒலிபெருக்கிக்கான ஜெனரேட்டரைச் சில துளி பெற்றோல் விட்டு இழுத்து, பிடித்துக்கொண்டதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டினார்கள். அதன் புகையும் மணமும் மைதானம் முழுவதும் பரந்திருக்கும். வெடியோசையோடு ஓட்டத்தைத் தொடக்குவது அந்தக் காலத்தில் நினைத்தும் பார்க்க முடியாதது. பிணைச்சல் போட்டு இணைத்த இரண்டு பலகைகளை உயர்த்திப் பிடித்து அடிப்பார்கள். முடிவுக் கோட்டில் நிற்கும் நேரக் காப்பாளர்கள் சத்தத்துக்குக் காத்திருக்கக் கூடாது, பலகைகள் சேர்வதைக் கண்ணால் கண்டதும் கடிகாரத்தை அழுத்த வேண்டும் என்று எங்கள் விஞ்ஞான ஆசிரியர் கட்டளையிட்டிருந்தார். ஒலி 100 மீற்றரைக் கடக்க ஏறத்தாழ 0.3 விநாடி எடுக்கும். ஒரு ஓட்டத்தில் முதலாமவருக்கும் மூன்றாமவருக்கும் இடையில் இருக்கக்கூடிய வித்தியாசம் அது.

அந்த ஆண்டுகளில் பெரியவர்கள் எதற்காக இவ்வளவு பாடுபட்டு இதை நடத்தினார்கள் என்று பிற்காலத்தில் நான் யோசித்ததுண்டு. வெளியூருக்குப் போக வழியில்லை. கொழும்பில் நடக்கும் எந்தப் போட்டிக்கும் இந்தப் பிள்ளைகள் போகப்போவதில்லை. பதக்கத்துக்கான ஏணி முழுவதும் அறுந்து கிடந்த காலம். ஏணி இல்லாதபோதும் இல்லப் போட்டி நடந்தது. அதற்கு வெளியே எதையும் அது எதிர்பார்த்திருக்கவில்லை. 1995 ஐப்பசியில் வலிகாமம் முழுவதுமே பெயர்ந்து தென்மராட்சிக்கும் வன்னிக்கும் போன பிறகு, மரத்தடிகளில் நடந்த பாடசாலைகளில்கூட அடுத்தடுத்த ஆண்டுகளில் பிள்ளைகள் கோடு கீறி ஓடினார்கள்.

ஏணியை நான் குறைத்துப் பேசவில்லை. அதில் ஏறியவர்களை நினைக்கையில் எங்கள் எல்லோருக்கும் நெஞ்சு நிமிர்கிறது. யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் உயரம் பாயப் பழகிய நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் 1952இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் போட்டியிட்டபோது அவருக்கு வயது 17. 1958இல் டோக்கியோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் 2.03 மீற்றர் பாய்ந்து தங்கம் வென்றார். ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் இலங்கைக்குக் கிடைத்த முதல் தங்கம் அது. பின்னாளில் கலாநிதிப் பட்டம் பெற்றுக் கல்வித்துறையில் பணியாற்றிய அவர் 2024 ஏப்ரலில் காலமானார். மகாஜனாவின் அனித்தா ஜெகதீஸ்வரன் கோலூன்றிப் பாய்தலில் தேசிய சாதனையைத் திரும்பத் திரும்ப மாற்றி எழுதினார். அதே பாடசாலையின் பெண்கள் உதைபந்தாட்ட அணி நாடறிந்தது. மத்திய கல்லூரியின் சுழற்பந்து வீச்சாளர் விஜயகாந்த் வியாஸ்காந்த் 2020இல் லங்கா பிரீமியர் லீக்கிலும் 2024இல் ஐ.பி.எல். போட்டியில் ஹைதராபாத் அணிக்காகவும் பந்துவீசியபோது, துடுப்பாட்டத்தை அதுவரை திரும்பிப் பாராத வீடுகளிலும் தொலைக்காட்சி போடப்பட்டது. 1904இல் தொடங்கிய மத்திய கல்லூரி – சென். ஜோன்ஸ் கல்லூரி துடுப்பாட்டப் போட்டியை, வடக்கின் பெருஞ்சமர் என்று நாங்கள் கொண்டாடுவதை, வெளிநாடுகளிலிருந்து பயணச்சீட்டு எடுத்துவந்து பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள்.

ஆனால் இந்த ஏணியின் இயல்பே ஏற ஏற ஆட்களைக் கழிப்பதுதான். பாடசாலையிலிருந்து கோட்டம், கோட்டத்திலிருந்து வலயம், வலயத்திலிருந்து மாகாணம், மாகாணத்திலிருந்து அகில இலங்கை என்று ஒவ்வொரு படியிலும் பெரும்பாலோர் வீடு திரும்புகிறார்கள். அப்படித்தான் இருக்கவும் வேண்டும். தவறு எங்கே நேர்கிறதென்றால், ஏணியின் தேவைகள் இல்லப் போட்டிக்குள் நுழையும்போது. அண்மைக் காலத்தில் சில பாடசாலைகளில் தகுதிகாண் ஓட்டங்களை ஒரே நாளில் அவசரமாக முடித்து, வலயப் போட்டிக்கு யார் யார் போகலாம் என்று தெரிந்துகொள்வதோடு திருப்தி அடைகிறார்கள். பயிற்றுநரின் நேரம், நல்ல சப்பாத்து, மாலைச் சிற்றுண்டி எல்லாம் பதக்கம் கொண்டுவரக்கூடிய ஏழெட்டுப் பேருக்கு. மற்றவர்கள் போட்டியன்று கூடாரத்துக்குள் இருந்து கைதட்டுவதற்கு. அந்த ஏழெட்டுப் பேரின் வெற்றியை அதிபர் அறிக்கை அடுக்கடுக்காகச் சொல்லும். பாடசாலையில் ஆயிரம் பிள்ளைகள் இருப்பதை அதிலிருந்து யாரும் அறிய முடியாது.

பெண்பிள்ளைகளின் நிலை தனியாகச் சொல்லப்பட வேண்டியது. தரம் 6, 7இல் நூறு மீற்றருக்குப் பெயர் கேட்டால் பையன்களுக்கு முன்னால் கை உயர்த்துகிற பிள்ளைகள், தரம் 9க்கு வரும்போது ஒவ்வொருவராகக் குறைகிறார்கள். பெரியபிள்ளையான பிறகு வெயிலில் ஓட வேண்டாம் என்று வீட்டில் சொல்வார்கள். காற்சட்டை அணிந்து ஊர் பார்க்க ஓடுவதா என்று உறவினர் கேட்பார்கள். மாதவிடாய் நாட்களில் மாற்றுடைக்கும் தண்ணீருக்கும் ஒழுங்கான வசதி இல்லாத பாடசாலைக் கழிப்பறை, யாரும் வாய்விட்டுச் சொல்லாத காரணமாக இருக்கும். வலைப்பந்தாட்டத்தில் இலங்கை ஆசியக் கிண்ணத்தை வென்றபோது அணியில் நின்ற தர்ஜினி சிவலிங்கம் யாழ்ப்பாணத்துப் பெண் என்பதை நாங்கள் மேடைகளில் பெருமையாகச் சொல்கிறோம். பெருமைப்படுகிற அதே ஊரில் தரம் 10 மாணவியின் தாயிடம் பயிற்சிக்கு அனுமதி கேட்டு ஆசிரியைகள் வீடு வீடாகப் போக வேண்டியிருக்கிறது. எங்கள் பாடசாலையில் இதை ஓரளவு மாற்றியது பேச்சல்ல. பெண்கள் பயிற்சியைப் பிற்பகலிலிருந்து காலை ஏழு மணிக்கு முன்னதாக மாற்றியதும், கழிப்பறையொன்றைத் திருத்திப் பூட்டும் திறப்புமாக ஒரு ஆசிரியையின் பொறுப்பில் விட்டதும், முழுநீளக் காற்சட்டையுடன் ஓட அனுமதித்ததும்தான்.

மாலை நேரத்தை ரியூசன் கொண்டுபோய்விட்டது என்பது எல்லோரும் அறிந்தது. அதை நீட்டி எழுதத் தேவையில்லை. அதைவிடக் குறைவாகக் கவனிக்கப்படுவது நாட்காட்டி. கொரோனாவுக்கு முன்னர் சாதாரண தரப் பரீட்சை மார்கழியில் முடிந்துவிடும்; தை முதல் பங்குனி வரை மைதானத்துக்குப் போதிய காலம் இருந்தது. பெருந்தொற்றில் குழம்பிய பாடசாலை ஆண்டு இன்னும் முழுமையாக நேர்ப்படவில்லை. 2025இல் ஆண்டின் முதலாம் தவணை ஜனவரி 27இல் தொடங்கியது. முந்திய ஆண்டுக்குரிய சாதாரண தரப் பரீட்சை மார்ச் 17இல் தொடங்கியது. பரீட்சை நிலையங்களாகும் பாடசாலைகள் அதற்குமுன் எல்லாவற்றையும் முடித்தாக வேண்டும். இடையிலிருந்தது ஏழு வாரம். அந்த ஏழு வாரத்துக்குள் மரதன், தகுதிகாண் போட்டிகள், அணிநடைப் பயிற்சி, இல்ல அலங்காரம், இறுதிநாள் என்று அத்தனையையும் அடைத்தபோது, முதலில் கைவிடப்பட்டது பெயர் கொடுக்காத பிள்ளைகளைத் தேடிப் போவதற்கான நேரம்.

நெருக்கடியான நாட்காட்டி இன்னோர் ஆபத்தையும் கொண்டுவருகிறது. போட்டிகள் வெப்பம் கடுமையான வாரங்களுக்குள் தள்ளப்படுகின்றன. 2024 மார்ச்சில் அம்பாறை மாவட்டம் திருக்கோவிலில் பாடசாலை மரதன் ஓட்டத்தில் பங்குபற்றிய மாணவர் ஒருவர் உயிரிழந்தார். வெப்பம் தணியும்வரை வெளிக்கள நிகழ்ச்சிகளில் பிள்ளைகளை ஈடுபடுத்துவதைப் பற்றிக் கல்வி அமைச்சு அந்தக் காலத்தில் அறிவுறுத்தல்களும் விடுத்திருந்தது. அந்தச் செய்திக்குப் பிறகு மரதனையே நிறுத்திவிடலாம் என்று எங்கள் ஆசிரியர் கூட்டத்தில் சிலர் சொன்னார்கள். அவர்களுடைய அச்சத்தை நான் மதிக்கிறேன், பிள்ளையின் உயிருக்கு முன்னால் எந்த விளையாட்டும் பெரிதல்ல. ஆயினும் ஓடுவதற்கு முன் மருத்துவப் பரிசோதனை, சில வாரங்களாகப் படிப்படியாகக் கூட்டிய பயிற்சி, சூரியன் ஏறுமுன் தொடக்கம், ஒவ்வொரு கிலோமீற்றரிலும் தண்ணீர், பின்னால் வரும் வாகனத்தில் முதலுதவி தெரிந்த ஒருவர், முன்கூட்டியே அறிவிக்கப்பட்ட வைத்தியசாலை ஆகியவற்றை ஒழுங்கு செய்ய முடியாத பாடசாலை நிறுத்தத்தான் வேண்டும். முடிந்த பாடசாலை நடத்த வேண்டும் என்றே நான் வாதிட்டேன். நீண்ட நேரம் பேசினோம். தூரத்தைக் குறைத்து, காலை ஆறு மணிக்குத் தொடங்குவதென்று முடிவாயிற்று. ஓடிமுடிக்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு புள்ளி என்ற விதி அப்படியே நின்றது. நேர எல்லை மட்டும் முன்னதைவிட நீட்டப்பட்டது, யாரும் அதற்காக மூச்சுத்திணற ஓடக் கூடாதென்பதால்.

இப்போது எங்கள் இல்லத்துக்குள் ஒரு சிறிய ஏற்பாட்டைத் தொடங்கியிருக்கிறோம். அந்த சீ.ஆர். கொப்பியின் கடைசிப் பக்கத்தை முதற்பக்கமாக்கினோம். இல்லத்தின் பிள்ளைகள் அனைவரின் பெயரும் தரம் வாரியாக அதில் இருக்கும்; ஒவ்வொரு பெயருக்கு எதிரேயும் அந்தப் பிள்ளை இவ்வாண்டு பங்குபற்றிய நிகழ்ச்சி எழுதப்படும்; வெறுமையாக இருக்கும் கட்டங்களுக்கு இல்லத் தலைவரும் உப தலைவியும் பொறுப்பு. மற்றைய இல்லங்களும் இதைச் செய்ய இணங்கியிருக்கின்றன. பரிசளிப்பு விழா அறிக்கையில் வலய, மாகாண வெற்றிகளைச் சொல்லும் பகுதிக்கு முன்னர், மொத்த மாணவர் தொகையில் எத்தனை பேர் ஒரு நிகழ்ச்சியிலேனும் இறங்கினார்கள் என்பதை ஆண், பெண், தரம் என்று பிரித்துச் சேர்க்க அதிபர் ஒப்புக்கொண்டிருக்கிறார். கொப்பிகள் தவணை முடிவில் என் மேசைக்கு வரும். தரம் 10, 11 மாணவிகளுக்குரிய பக்கங்களைத்தான் முதலில் புரட்டுவேன்.